1950களின் அமெரிக்க டிவி நிகழ்ச்சிகள் பல மங்கலாக இருக்க, 'ஐ லவ் லூசி' நகைச்சுவைத் தொடர் ஏன் இவ்வளவு தெளிவு?

மங்கலுக்குக் காரணம் கினெஸ்கோப். நேரலையாக ஓடும் நிகழ்ச்சியைப் பாதுகாக்க, ஒரு டிவி திரைக்கு எதிரே ஃபிலிம் காமிராவை வைத்துப் பிடித்த நகல் அது. வீடியோ டேப் 1956இல்தான் வந்தது. அதுவரை வேறு வழியில்லை. ஓடும் பழைய குழாய் டிவியை செல்போனில் படமெடுத்துப் பாருங்கள், இதே மாதிரிக் கோளாறுதான். டிவி நொடிக்கு 30 பிரேம், ஃபிலிம் 24. இரண்டும் சரியாகப் பொருந்தாவிட்டால் குறுக்கே பட்டை விழும். திரையின் வளைவும் கோடுகளும் சேர்ந்து பதிவாகும்.

'ஐ லவ் லூசி' 1951 அக்டோபரில் சிபிஎஸ் தொலைக்காட்சியில் தொடங்கியது. நேயர்களில் பெரும்பாலோர் நாட்டின் கிழக்குப் பகுதியில் இருந்ததால், விளம்பரதாரர் நியூயார்க்கிலிருந்து நேரலை கேட்டார். தொடரின் நாயகி லூசில் பாலும், உடன் நடித்த கணவர் டெசி ஆர்னாஸும் ஹாலிவுட்டை விட்டு நகர மறுத்தார்கள். கலிபோர்னியாவிலிருந்து நேரலை செய்தால் கிழக்குக்குக் கினெஸ்கோப் நகல்தான் போகும். ஆகவே 35 மி.மீ. ஃபிலிமிலேயே, மூன்று காமிராக்களை ஒரே சமயத்தில் ஓடவிட்டு எடுத்தார்கள். ஒளிப்பதிவாளர் கார்ல் ஃபிராய்ண்ட் மேடை முழுக்க மேலிருந்து ஒரே சீராக ஒளி பாய்ச்சினார்; இல்லையென்றால் ஒவ்வொரு கோணத்துக்கும் விளக்கை மாற்ற நிறுத்த வேண்டியிருக்கும்.

கூடுதல் செலவுக்காகத் தம்பதி சம்பளத்தில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்து, பதிலுக்கு ஃபிலிமின் உரிமையை வாங்கிக்கொண்டார்கள். கெட்டிக்கார பேரம்! மறு ஒளிபரப்புகளின் மதிப்பு அப்போது பலருக்கும் பிடிபடவில்லை.

பார்வையாளர் சிரிப்பு கேட்பதால் இது நேரலை என்று பலர் நினைக்கிறார்கள். அரங்கில் அமர்ந்தவர்கள் முன் படமாக்கி, எடிட் செய்து, பிறகுதான் ஒளிபரப்பினார்கள்.