பத்துச் சோடியின் ஆயுள்

அன்புள்ள ஐயாவுக்கு,

நான் டிக்கோயாவுக்கு அருகில் ஒரு தோட்டப் பாடசாலையில் கணிதம் கற்பிக்கிறேன். எசல போயா விடுமுறையன்று மழை விடாததால், ஹட்டனில் ஒரு நண்பரின் அறையில் ஐந்து பேர் கூடி, சட்டைப் பொத்தான்களைப் பந்தயமாக வைத்து டெக்ஸஸ் ஹோல்டெம் போக்கர் ஆடினோம்; கையில் ஆளுக்கு இரண்டு சீட்டு, நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு. ஆளுக்கு 100 பொத்தான். ஓர் ஆட்டத்தில் எனக்கு ஸ்பேட் பத்தும் கிளாவர் பத்தும் வந்தன. நான் 6 வைத்தேன். இருவர் கூட வந்தார்கள். கட்டாயப் பந்தயம் வைத்திருந்த இருவரும் தங்கள் பொத்தான்களை, மொத்தம் 3ஐ, விட்டு விலகியதால் நடுவில் 21 சேர்ந்தது. பிளொப்பில், அதாவது முதலில் திறக்கும் மூன்று பொதுச் சீட்டில், ஆட்டின் (சிவப்பு இதயச் சின்னம்) ஒன்பது, ஆட்டின் ஏழு, டைமன் நான்கு விழுந்தன. மூன்றையும் விட என் பத்து பெரிது. ஆனாலும் பயத்தில் 5 மட்டுமே வைத்தேன். இருவரும் அதே அளவு கொடுத்தார்கள். அடுத்து ஆட்டின் ராணி. நான் செக் செய்தேன், அதாவது பந்தயம் வைக்காமல் விட்டேன், ஒரு நண்பர் 25 வைத்தார், மற்றவர் விலகினார், நான் கொடுத்தேன். கடைசியாகக் கிளாவர் இரண்டு விழ, அவர் 40 வைத்தார், அதையும் கொடுத்தேன். அவர் கையில் ஆட்டின் ஆஸும் ஆட்டின் ஐந்தும் இருந்தன. ஐந்து சீட்டும் ஒரே சின்னமாகச் சேர்ந்ததால் அவரே வென்றார். பிளொப்பிலேயே மிச்சமிருந்த 94 பொத்தானையும் வைத்து எல்லோரையும் விரட்டியிருக்க வேண்டும் என்கிறார்கள் நண்பர்கள். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

ஹட்டனிலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள தம்பிக்கு,

எண்களை ஒன்று விடாமல் எழுதியிருக்கிறீர்கள். அதனால்தான் என்னாலும் எண்களோடு பதில் சொல்ல முடிகிறது.

பண்டாரவளைப் பக்கத்துத் தோட்டமொன்றில், லயத்து இஸ்தோப்பில் பெரியவர்கள் ஆடிய முந்நூற்றுநாலு என்ற சீட்டாட்டத்தைப் பார்த்துச் சீட்டுக் கற்றவன் நான். அந்த ஆட்டத்தில் ஜாக்கிக்கு 30 புள்ளி, ஒன்பதுக்கு 20. ஒன்பதைக் கையில் வைத்திருப்பவர், ஜாக்கி யாரிடம் இருக்கிறது என்று தெரியும்வரை நிம்மதியாக இருக்க மாட்டார். நீங்களும் அந்த ஆட்டத்தில் வளர்ந்தவராகவே இருப்பீர்கள் என்று எண்ணுகிறேன், ஏனென்றால் உங்கள் பயம் அந்த ஒன்பதுக்காரரின் பயம்தான். ஆனால் முந்நூற்றுநாலில் 32 சீட்டும் நால்வருக்கும் எட்டெட்டாகப் பகிரப்பட்டுவிடுகின்றன. ஜாக்கி என்னிடம் இல்லையென்றால் அது வேறொருவர் கையில் ஏற்கெனவே இருக்கிறது. போக்கரில் உங்கள் பத்துச் சோடியைத் தோற்கடித்த ஆட்டின் ராணி, பிளொப் விழுந்தபோது யார் கையிலும் இல்லை. அந்த நேரத்தில் நீங்களே முன்னால் இருந்தீர்கள். முன்னால் இருக்கும் கைக்குக் காலம்தான் எதிரி என்பதால், அந்தக் காலத்தை எதிராளிக்கு என்ன விலைக்கு விற்பது என்பதே பிளொப்பில் நீங்கள் தீர்மானிக்க வேண்டியிருந்தது.

நீங்கள் அதை மிக மலிவாக விற்றீர்கள். நடுவில் 21 இருக்க நீங்கள் 5 வைத்ததால், உங்களுக்கு அடுத்தவர் 5 கொடுத்து 26ஐ வெல்லப் பார்க்கிறார். 31இல் 5, அதாவது 16 சதவீதத்துக்குச் சற்று மேல் வெற்றி வாய்ப்பு இருந்தாலே அவருக்கு அது கட்டுப்படியாகும். இரண்டு ஆட்டின் சீட்டு வைத்திருப்பவருக்கு, அவர் பார்க்காத 47 சீட்டில் 9 ஆட்டின் எஞ்சியிருக்கிறது; அடுத்த சீட்டிலேயே ஐந்தும் ஒரே சின்னமாகிவிடும் வாய்ப்பு 19 சதவீதம். உங்கள் நண்பருக்கோ ஆட்டின் அல்லாத மூன்று ஆஸ்களும் உதவும். ஆக 12 சீட்டு, 25 சதவீதத்துக்குச் சற்று மேல். அவர் விலகியிருந்தால்தான் தவறு செய்தவராவார்.

14 வைத்திருந்தால், அதாவது நடுவில் இருந்ததில் மூன்றில் இரண்டு பங்கு, அவர் 14 கொடுத்து 35ஐ வெல்லப் பார்க்க வேண்டும். அதற்கு 28 சதவீதத்துக்கு மேல் வாய்ப்பு வேண்டும். ஆஸ்களைச் சேர்த்தாலும் அடுத்த சீட்டுக்கு அவரிடம் அது இல்லை. அதே வேளையில், ஆஸும் ஒன்பதும் வைத்து ஒன்பதுச் சோடி கிடைத்த ஒருவர் 14ஐ விரும்பியே கொடுப்பார். உங்களை முந்த அவருக்கு மூன்று ஆஸ், இரண்டு ஒன்பது என 5 சீட்டுகளே உதவும். எட்டுச் சோடிக்காரரும் ஒரு முறையாவது கொடுத்துப் பார்ப்பார். உங்கள் கைக்கு லாபம் இவர்களிடமிருந்துதான் வர வேண்டும்.

நண்பர்கள் சொன்ன 94ஐ நான் ஏற்காததற்கும் இதுவே காரணம். 21ஐ வெல்ல 94ஐ வைத்தால், ஆஸும் ஒன்பதும் வைத்தவர் பெரும்பாலும் விலகிவிடுவார். எட்டுச் சோடியும் போய்விடும். ஜாக்கிச் சோடியோ அதற்கு மேற்பட்ட சோடியோ வைத்திருப்பவரும், ஒன்பதோ ஏழோ நான்கோ மூன்று சேர்த்துவிட்டவரும் ஒருபோதும் விலக மாட்டார்கள். நீங்கள் வெல்லக்கூடியவரை அனுப்பிவிட்டு, உங்களை வெல்லக்கூடியவரை மட்டும் எதிரில் உட்கார வைப்பதாகவே அது முடியும். ஆட்டின் ஆஸ் வைத்திருந்த நண்பரும் விலகியிருப்பாரா என்பது சந்தேகமே. முழுவதையும் வைத்துவிட்டால் அவர் இரண்டு சீட்டையும் பார்த்துவிடுவார். அந்த 12 சீட்டில் ஒன்றாவது வரும் வாய்ப்பு அவர் கணக்கில் ஏறத்தாழ 45 சதவீதமாகிவிடும். அந்த ஒரு கைக்கு எதிராக மட்டும் பார்த்தால் உங்களுக்குச் சற்றே லாபம்தான். ஆனால் பந்தயம் வைக்கும்போது அந்தக் கை உங்களுக்குத் தெரியாதே.

இனி ராணி விழுந்த இடம். பிளொப்பில் செய்ததை விட இங்கே செய்ததே பெரிய பிழை என்று கருதுகிறேன். பிளொப்பின்போது நீங்கள் பார்க்காத 47 சீட்டில் 11 ஆட்டின். ஆட்டின் அல்லாத ஜாக்கி, ராணி, ராஜா, ஆஸ் மேலும் 12. ஆக 23 சீட்டு, ஏறக்குறைய பாதி, உங்களுக்குக் கவலை தரக்கூடியவை. அவற்றில் ஒன்று விழுவது துரதிர்ஷ்டம் அல்ல. முதல் பந்தயம் வைக்கும்போதே அதற்கு ஆயத்தமாக இருந்திருக்க வேண்டும். ராணியோ ஆட்டினாகவும் இருந்தது, பத்தை விடப் பெரியதாகவும் இருந்தது. நீங்கள் செக் செய்தது சரி. பின்னால் இன்னொருவர் காத்திருக்கும்போதே ஒருவர் 36க்குள் 25 வைக்கிறார் என்றால், அந்த 25ஐக் கொடுப்பதற்கு முன் கேட்டிருக்க வேண்டிய கேள்வி, ஏற்கெனவே தோற்றிருந்தால் எந்தச் சீட்டு என்னைக் காப்பாற்றும் என்பதே. உங்கள் இரண்டு பத்தும் கறுப்பு. ஆட்டின் உங்களிடம் ஒன்றுகூட இல்லை. மூன்றாவது பத்து வந்திருந்தாலும் அவருடைய ஐந்து ஆட்டினை அது வென்றிருக்காது. உங்களைக் காப்பாற்றும் சீட்டு ஒன்றுமே இல்லை. கிளாவர் பத்துக்குப் பதிலாக ஆட்டின் பத்து உங்களிடம் இருந்திருந்தால் இன்னும் யோசிக்க இடமிருந்திருக்கும். பிளொப்பில் வென்றுகொண்டிருந்த கை இன்னும் அதே கைதான் என்று எண்ணி 25ஐயும், பிறகு 40ஐயும் கொடுத்திருக்கிறீர்கள். 5 கொடுத்து உள்ளே வந்தவருக்கு அதன் பிறகு மட்டும் 65 கிடைத்தது. அந்த மலிவான விலையை இன்னும் மலிவாக்கியது இதுதான்.

ராணிக்குப் பதிலாக டைமன் மூன்று போன்ற உதவாத சீட்டு விழுந்து, ஒருவர் மட்டும் 14ஐக் கொடுத்து வந்திருந்தால், நடுவில் 49 இருக்கும். அப்போது நான் தயங்காமல் மீண்டும் 30 அளவில் வைத்திருப்பேன். கடைசிச் சீட்டிலும் ஆட்டின் வராவிட்டால் அங்கே பெரும்பாலும் செக் செய்து நிறுத்தியிருப்பேன். ஆட்டின் ராணியே விழுந்திருந்தால், அவருடைய பந்தயத்துக்குப் பத்துச் சோடியைக் கீழே வைத்திருப்பேன். அந்த வழியில் 20 பொத்தான் போய், 80 கையில் மிச்சமிருந்திருக்கும். நீங்கள் எழுந்தபோது இருந்தது 24.