கப்பல் எந்தத் துறையில் கட்டுகிறது என்று முதலில் பாருங்கள்

கேள்வி: எனக்கு வயது 63. பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். கணவருக்கு 68, முழங்கால் வலி இருப்பதால் மெதுவாகத்தான் நடப்பார். நெதர்லாந்தில் வேலை பார்க்கும் மகன், வரும் ஜூலையில் எங்களை பால்டிக் கடல் கப்பல் பயணத்துக்கு அனுப்பப் பதிவு செய்திருக்கிறான். கோபன்ஹேகனில் ஏறி பெர்லின், கதான்ஸ்க், விஸ்பி, தாலின், ஹெல்சிங்கி, ஸ்டாக்ஹோம் பார்த்துவிட்டு மறுபடி கோபன்ஹேகனில் இறங்க வேண்டும். ஒவ்வொரு ஊரிலும் எட்டு, பத்து மணி நேரம்தான். அதற்குள் என்ன பார்த்துவிட முடியும் என்று உறவினர்கள் கேட்கிறார்கள். கப்பல்காரர்கள் நடத்தும் சுற்றுலாக்களுக்குத் தனிக் கட்டணம், அதுவும் அதிகம். நாங்களே ஊருக்குள் போனால் கப்பல் விட்டுவிட்டுப் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. சரித்திரம் எனக்குப் பிடித்த பாடம். என்ன செய்யலாம்?
– வாசகி, மயிலாடுதுறை

பதில்: அன்புள்ள அம்மா, உங்கள் பயணத் திட்டத்தில் பெர்லின் என்று போட்டிருக்கிறதே, அந்த ஊருக்குக் கடலே கிடையாது. கப்பல் நிற்கப்போவது வார்னமுண்டே என்ற சின்னத் துறையில். அங்கிருந்து பெர்லினுக்கு ரயிலில் போனாலும் பஸ்ஸில் போனாலும் ஒரு வழிக்கே ஏறக்குறைய மூன்று மணி நேரம் ஆகும். போகவர ஆறு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு, நடுவில் ஓடி ஓடி நாலு இடம் பார்ப்பது உங்கள் கணவரின் முழங்காலுக்கு நல்லதல்ல, உங்களுக்கும் திருப்தி தராது. அந்தச் சுற்றுலாவை எடுக்க வேண்டாம் என்று உறுதியாகச் சொல்கிறேன்.

மற்ற ஊர்களுக்கும் இதே கணக்குதான். திட்டத்தில் போட்டிருக்கும் ஊர்ப் பெயரை விட்டுவிட்டு, கப்பல் எந்தத் துறையில் கட்டுகிறது, அங்கிருந்து பழைய நகரம் எவ்வளவு தூரம் என்று முதலில் பாருங்கள். மகனிடம் சொல்லி ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் இதை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பாதிக் கவலை அங்கேயே தீர்ந்துவிடும்.

எட்டு மணி நேரத்தில் ஒரு தலைநகரத்தைப் பார்க்க முடியாது, உறவினர்கள் சொல்வது சரிதான். ஆனால் ஒரு பழைய துறைமுகத்தைப் பார்க்கலாம். வட ஐரோப்பாவின் இந்த ஊர்களில் பல, 13ஆம் நூற்றாண்டிலிருந்து 17ஆம் நூற்றாண்டு வரை ஹன்சா என்ற வணிக நகரங்களின் கூட்டணியில் இருந்தவை. ஜெர்மனியின் லூபெக் அதற்குத் தலைமை. உப்பு, மீன், தானியம், மெழுகு, கம்பளித் துணி, ரஷ்யக் காடுகளின் விலங்குத் தோல் எல்லாம் இந்தக் கடல் வழியாகத்தான் கை மாறின. ஊர்கள் மதிலுக்குள் அடங்கியவை, தண்ணீரைப் பார்த்து நிற்பவை, காலால் நடந்தே முடித்துவிடக் கூடியவை. அந்தக் கால வணிகர்கள் வந்த அதே பக்கத்திலிருந்து நீங்களும் உள்ளே நுழைகிறீர்கள். விமானத்தில் வருகிறவர்களுக்கு இது கிடைக்காது. ஒவ்வொரு ஊரிலும் கடலோடு சம்பந்தப்பட்ட ஒன்றை மட்டும் தேர்ந்தெடுத்து அதை நிதானமாகப் பாருங்கள் என்பதுதான் என் யோசனை.

வார்னமுண்டேயில் கப்பல் நிற்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே ரயில் நிலையம். உள்ளூர் ரயிலில் சுமார் 20 நிமிடத்தில் ரோஸ்டாக் போய்விடலாம். அதுவும் ஹன்சா ஊர்தான். அங்கே மரியா தேவாலயத்தில் 1472இல் செய்த வானியல் கடிகாரம் ஒன்று இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. மணி, மாதம், ராசி, சந்திரனின் நிலை எல்லாம் காட்டும். அடியில் இருக்கும் நாட்காட்டித் தட்டு ஒரு நூற்றாண்டுக்கு மேல் வரும். இப்போது இருப்பது 2150 வரைக்கும். பகல் 12 மணிக்கு மேலே ஒரு கதவு திறந்து சீடர்களின் பொம்மைகள் இயேசுவைச் சுற்றி வரும், கடைசியில் வரும் யூதாசுக்கு மட்டும் கதவு மூடிக்கொள்ளும். பதினொன்றரைக்கே போய் உட்கார்ந்துவிடுங்கள். சரித்திரம் சொல்லிக்கொடுத்தவர் நீங்கள், இதற்காகவே அந்த நாளைக் கொடுக்கலாம்.

கதான்ஸ்க் என்று போட்டிருந்தாலும் பெரிய கப்பல்கள் பெரும்பாலும் பக்கத்திலுள்ள கிடினியாவில்தான் கட்டும். இடையில் 20 கிலோமீட்டருக்கு மேல். மின்சார ரயில் உண்டு. ஆனால் துறையிலிருந்து ரயில் நிலையமே கொஞ்ச தூரம். கப்பல் சுற்றுலா ஒன்றே ஒன்று எடுப்பதென்றால் இங்கே எடுங்கள். பஸ் வாசலில் ஏற்றி வாசலில் இறக்கும்.

கதான்ஸ்க்கில் நான் பார்க்கச் சொல்வது ஆற்றங்கரையில் நிற்கும் மரப் பாரந்தூக்கி. 15ஆம் நூற்றாண்டில் கட்டியது. இரண்டு பக்கமும் செங்கல் கோபுரம், நடுவில் கறுத்துப்போன பெரிய மரக்கூடு தண்ணீருக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும். உள்ளே ஆள் உயரத்தைவிடப் பெரிய சக்கரங்கள். கூலியாட்கள் அந்தச் சக்கரத்துக்குள் ஏறி நடந்துகொண்டே இருப்பார்கள். அவர்கள் நடக்க நடக்கக் கயிறு சுற்றி மூட்டையும் பீப்பாயும் மேலே வரும். கப்பலுக்குப் பாய்மரம் நடுவதும் இதை வைத்துத்தான். 1945இல் நகரத்தோடு சேர்ந்து மரப்பகுதி எரிந்துபோனது, செங்கல் பகுதி பெரும்பாலும் நின்றது. நீங்கள் பார்ப்பது போருக்குப் பின் திரும்பக் கட்டியது. பழைய நகரத்தின் அழகான வீட்டு முகப்புகளில் பெரும்பாலானவையும் அப்படித்தான். தெரிந்துகொண்டு பார்த்தால் மதிப்பு குறையாது, கூடும்.

நேரம் இருந்தால் கப்பல் கட்டும் தளத்தின் பழைய வாசல் வரை போய் வாருங்கள். 1980 ஆகஸ்ட் 14 அன்று அங்கே வேலைநிறுத்தம் வெடித்தது. வேலையைவிட்டு நீக்கப்பட்ட அன்னா வாலென்டினோவிச் என்ற பெண்மணியைத் திரும்ப எடுக்க வேண்டும் என்பது முதல் கோரிக்கைகளில் ஒன்று. அவர் அந்தத் தளத்தில் கிரேன் ஓட்டியவர். போலந்தின் சாலிடாரிட்டி என்ற தொழிற்சங்க இயக்கம் அங்கிருந்துதான் எழுந்தது. சக்கரத்துக்குள் நடந்த கூலியாட்களின் ஊரில், ஐந்து நூற்றாண்டு கழித்து கிரேன் ஓட்டும் ஒரு பெண்ணுக்காக ஒரு தளமே வேலையை நிறுத்தியது என்று நினைக்கும்போது எனக்கு இன்றும் சிலிர்க்கும்.

விஸ்பி சின்ன ஊர். சுவீடனின் காட்லாண்ட் தீவில் இருக்கிறது. ஊரைச் சுற்றி ஏறக்குறைய மூன்றரைக் கிலோமீட்டர் மதில் இன்னும் நிற்கிறது, உள்ளே கூரை போன பழைய தேவாலயங்கள். மேட்டுத் தெருக்களுக்கு உங்கள் கணவரை இழுக்க வேண்டாம். கடலோரம் மதிலை ஒட்டிய தோட்டத்தில் அவர் உட்காரட்டும், நீங்கள் ஒரு சுற்று போய்விட்டு வாருங்கள். காற்று பலமாக இருந்தால் கப்பல் இந்த நிறுத்தத்தை விட்டுவிட்டுப் போவதும் உண்டு. அப்படி நடந்தால் மனம் தளர வேண்டாம்.

எஸ்டோனியாவின் தலைநகர் தாலினில் கப்பல்காரர்களின் சுற்றுலாவே வேண்டாம். துறையிலிருந்து பழைய நகரத்தின் கடல் வாசல் 15, 20 நிமிட நடைதான். நடக்க முடியாவிட்டாலும் ஒரு வழி செய்யலாம்: துறை வாசலில் டாக்ஸி பிடித்து நேராக மேல் நகரமான தூம்பேயாவுக்குப் போய்விடுங்கள். அங்கே பார்வை மேடைகளிலிருந்து சிவப்பு ஓட்டுக் கூரைகள், கோபுரங்கள், அவற்றுக்குப் பின்னால் கடல், உங்கள் கப்பல் எல்லாம் ஒரே பார்வையில் தெரியும். அப்புறம் மெதுவாக இறங்கி வாருங்கள். ஏற்றம் கிடையாது, வழியெல்லாம் இறக்கம்தான். படிகள் உள்ள குறுக்குச் சந்தை விட்டுவிட்டு, சரிவான பிக் யால்க் தெருவில் வாருங்கள். இறங்கும்போது முழங்கால் பிடிக்கும் என்றால் கையில் மடக்குத்தடி இருக்கட்டும்.

கீழே நகர மண்டபம் 1404இல் முடித்தது. எதிரில் ஒரு மருந்துக்கடை, 1422இலேயே அது இருந்ததற்கு ஆவணம் உண்டு, இன்றும் மருந்து விற்கிறார்கள். பிக் தெருவில் வணிகர் வீடுகளை அண்ணாந்து பாருங்கள். உச்சியில் சரக்குத் தூக்கும் உத்தரம் நீட்டிக்கொண்டிருக்கும். கீழே குடும்பம், மேலே கிடங்கு. தெரு முடியும் இடத்தில் 'கொழுத்த மார்கரெட்' என்ற பருத்த பீரங்கிக் கோபுரம், இப்போது கடல்சார் அருங்காட்சியகம். 2015இல் கட்டட வேலைக்குத் தோண்டியபோது மண்ணுக்குள் கிடைத்த ஹன்சா காலச் சரக்குக் கப்பலை உள்ளே வைத்திருக்கிறார்கள். முழுப் பயணத்திலும் ஒரே ஓர் ஊரில் நேரம் நீட்டிக் கிடைக்குமென்றால் நான் தாலினைத்தான் கேட்பேன்.

ஹெல்சிங்கியில் துறைமுகச் சந்தைக்குப் போங்கள். ஜூலையில் ஸ்ட்ராபெர்ரியும், தோலோடு பச்சைப் பட்டாணியும் லிட்டர் கணக்கில் அளந்து கொடுப்பார்கள். அங்கே பட்டாணியை உரித்துப் பச்சையாகவே சாப்பிடுவது வழக்கம். சந்தையின் கரையிலிருந்தே சுவோமென்லின்னா தீவுக் கோட்டைக்குப் படகு, 15 நிமிடம். 1748இல் சுவீடன் கட்டத் தொடங்கியது. தீவுக்குள் பாதை கரடுமுரடு. படகுப் பயணமே போதும் என்று நினைத்தால் அதுவும் நல்ல முடிவுதான்.

ஸ்டாக்ஹோமுக்குப் போகும் நாள் காலை மட்டும் தூக்கத்தை விட்டுக்கொடுங்கள். கடலுக்கும் நகரத்துக்கும் நடுவில் சுமார் 30,000 தீவுகளும் பாறைத் திட்டுகளும். கப்பல் அவற்றுக்கு நடுவே பல மணி நேரம் மெல்ல ஊர்ந்து போகும். ஜூலையில் விடியற்காலை நாலு மணிக்கெல்லாம் வெளிச்சம். ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு மேல்தளத்தில் நில்லுங்கள். ஒன்றைச் சரிபார்க்க வேண்டும்: சில கப்பல்கள் 60 கிலோமீட்டர் தெற்கே நினாஸ்ஹாமிலேயே நின்றுவிடும். அப்படியானால் இந்த நீண்ட தீவுப் பாதை கிடையாது, ஊருக்குள் வரவே சுமார் ஒரு மணி நேரம்.

அங்கே வாசா அருங்காட்சியகம் ஒன்று போதும். 1628 ஆகஸ்ட் 10 அன்று சுவீடன் மன்னரின் புதுப் போர்க்கப்பல் வாசா முதல் பயணம் புறப்பட்டது. ஒன்றரைக் கிலோமீட்டர்கூடப் போகவில்லை. லேசான காற்றில் சாய்ந்து, திறந்திருந்த பீரங்கித் துவாரங்கள் வழியாகத் தண்ணீர் புகுந்து மூழ்கிவிட்டது. மேற்பாரம் அதிகம், அடி குறுகல். புறப்படும் முன்பே மாலுமிகளை மேல்தளத்தில் குறுக்கும் நெடுக்கும் ஓடவிட்டுப் பார்த்தார்கள். கப்பல் ஆடிய ஆட்டத்தில் பயந்து சோதனையை நிறுத்திவிட்டு, அப்படியும் அனுப்பினார்கள். 1961இல் வெளியே எடுத்தபோது கப்பல் ஏறக்குறைய முழுசாக இருந்தது. பால்டிக் தண்ணீரில் உப்பு குறைவு, அதனால் மரத்தை அரிக்கும் கடற்புழு அங்கே வாழாது. 333 வருடம் தண்ணீருக்கடியில் கிடந்த கப்பலின் செதுக்குச் சிற்பங்களை நேருக்கு நேர் பார்க்கலாம்.

கோபன்ஹேகனுக்குக் கப்பல் புறப்பட இரண்டு நாள் முன்பே போய்விடுங்கள். மயிலாடுதுறைக்காரரான உங்களுக்கு அந்த ஊரில் தனி வேலை இருக்கிறது. 1620இல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் அனுமதி பெற்றுத் தரங்கம்பாடியில் கோட்டை கட்டியவர்கள் இங்கிருந்து கிளம்பிய டேனிஷ்காரர்கள்தான். நாயக்கர் டென்மார்க் மன்னருக்கு அனுப்பிய தங்க ஓலை இன்றும் அந்த நாட்டு ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. 1845இல் ஆங்கிலேயருக்கு விற்கும் வரை தரங்கம்பாடி அவர்கள் கையில். நீஹாவன் கால்வாயிலிருந்து கிளம்பும் சுற்றுப் படகில் ஏறினால் நடக்காமலே பழைய துறையைப் பார்க்கலாம். கிறிஸ்டியான்ஸ்ஹாவன் பக்கத்தில் ஸ்ட்ராண்ட்காடே தெருவின் ஏசியாட்டிக் கம்பெனிக் கட்டடத்தைக் கேட்டுப் பாருங்கள். அந்த டேனிஷ் வணிகக் கம்பெனி 1732இல் அரச சாசனம் பெற்றது. தரங்கம்பாடி வணிகமும் அதன் கையில் வந்தது.

இனி உங்கள் பயம். கப்பல் நடத்தும் சுற்றுலா தாமதமானால் கப்பல் காத்திருக்கும். தனியாகப் போனவர்களுக்காகக் காத்திருக்காது, இது உண்மை. அதனால் ஏற வேண்டிய கடைசி நேரத்துக்கு ஒரு மணி முன்பே துறைக்குத் திரும்பிவிடுவது என்று வைத்துக்கொள்ளுங்கள். தாலினும் ஹெல்சிங்கியும் மற்ற ஊர்களைவிட ஒரு மணி நேரம் முன்னே ஓடும். கைப்பேசி தானாக மாறிக்கொள்ளும். கப்பலின் கடிகாரம் மாறலாம், மாறாமலும் இருக்கலாம். சாதாரணக் கைக்கடிகாரம் ஒன்று கட்டிக்கொண்டு, இறங்கும் முன் கப்பல் நேரத்துக்குத் திருத்திக்கொள்ளுங்கள். கப்பலின் தினசரித் தாளில் துறைமுக முகவரின் தொலைபேசி எண் இருக்கும். அதையும் பாஸ்போர்ட் நகலையும் கைப்பையில் வையுங்கள்.

பகலில் 20 டிகிரிக்கு அக்கம்பக்கம்தான் இருக்கும், கடற்காற்றில் இன்னும் குளிரும். குடை நிற்காது, தொப்பி வைத்த மழைக்கோட்டு எடுங்கள். புடவைதான் என்றால் சரி, ஆனால் காலுக்கு ஷூ. பழைய தெருக்கள் எல்லாம் கல் பாவியவை. சைவச் சாப்பாடு வேண்டுமென்றால் மகனிடம் சொல்லிக் கப்பல்காரர்களுக்கு இப்போதே எழுதிக் கேளுங்கள்.

விசாவைக் கடைசிக்கு விடாதீர்கள். இந்த நாடுகள் எல்லாவற்றுக்கும் ஒரே ஷெங்கன் விசா. எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும். மகன் வீட்டில் இரண்டு மூன்று வாரம் இருப்பதாக இருந்தால் நெதர்லாந்து. நேராகக் கோபன்ஹேகன் போய்த் திரும்புவதென்றால் பெரும்பாலும் டென்மார்க். குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பம் எடுப்பார்கள், கோடைக்கு முன் கூட்டம் நெரியும். உங்களுக்கு ஜூலையில் பயணம் என்பதால், பொங்கல் முடிந்ததும் மகனிடமிருந்து கப்பல் பதிவுச் சீட்டை வாங்கி வேலையை ஆரம்பித்துவிடுங்கள்.