ஏழு நாள் முகாமும் ஒரு பழைய நோட்டும்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். ஒட்டன்சத்திரத்தில் மளிகைக்கடை நடத்துகிறேன். நீங்கள் எழுதுவதை மூன்று வருடமாக வாசிக்கிறேன். கடிதம் எழுதுவது இதுதான் முதல் தடவை.

என் மகன் கல்லூரியில் வேதியியல் இரண்டாம் வருடம் படிக்கிறான். போன மாதம் என்.எஸ்.எஸ். (நாட்டு நலப்பணித் திட்டம்) முகாமுக்கு ஏழு நாள் போய்விட்டு வந்தான். கோயிலைச் சுற்றி முள் வெட்டினார்களாம், பள்ளிச் சுவருக்கு வெள்ளை அடித்தார்களாம், பேனரைப் பிடித்துக்கொண்டு போட்டோ எடுத்தார்களாம். "சர்டிபிகேட் வரும்மா, அவ்வளவுதான்" என்கிறான்.

என் அப்பா 1960களில் திண்டுக்கல் பக்கத்துக் காந்திகிராமத்தில் டி.ஆர்.எஸ். என்கிற கிராமியப் பணி டிப்ளமோ படித்தவர். "ஊருக்குள்ள போறதுதான் எங்களுக்குப் பாடம்" என்பார். அவர் காலமான பிறகு தகரப்பெட்டியில் ஒரு நோட்டு கிடைத்தது. ஏதோ ஒரு கிராமத்தில் 38 வீடுகளுக்குப் போய், யாருக்கு எவ்வளவு நிலம், எவ்வளவு கடன், எந்தக் கிணற்றில் தண்ணீர் எடுக்கிறார்கள், எந்தக் குழந்தைக்கு அம்மை குத்தியிருக்கிறது என்று பென்சிலில் எழுதி வைத்திருக்கிறார்.

அந்தப் படிப்பு எங்கே போனது? காந்திகிராமம் பல்கலைக்கழகம் ஆனதால்தான் இப்படி ஆகிவிட்டதா? சேவையை எல்லா மாணவர்களுக்கும் கட்டாயமாக்கினால் சரியாகுமா? உங்கள் கருத்தை எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் அந்த நோட்டைப் பற்றிய வரிகளை நான்கைந்து முறை வாசித்தேன். எந்தக் கிணற்றில் தண்ணீர் எடுக்கிறார்கள் என்று ஒரு மாணவர் வீடு வீடாகப் போய்க் கேட்டிருக்கிறார். 1960களின் கிராமத்தில் அது சாதியைப் பற்றிய கேள்வியும்தான். அந்தப் பதில்களை ஓர் இளைஞன் தன் கையால் எழுதும்போது அவனுக்குள் என்ன நடந்திருக்கும் என்று யோசித்துக்கொண்டே இருந்தேன்.

காந்திகிராமம் பல்கலைக்கழகமாகத் தொடங்கியதல்ல. டாக்டர் சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் 1947 அக்டோபரில் அதைத் தொடங்கியபோது, கிராமங்களில் வேலை செய்யப் பெண்களைப் பழக்குவது, வைத்தியம், கைத்தொழில், ஆதாரக் கல்வி என்றுதான் ஆரம்பம். டி.வி.எஸ். நிறுவனத்தைத் தொடங்கிய டி.வி. சுந்தரம் ஐயங்காரின் மகள் சௌந்தரம். இளவயதில் விதவையானவர், அதன் பிறகு டெல்லிக்குப் போய் மருத்துவம் படித்தவர். சின்னாளப்பட்டிக்கும் அம்பாத்துறைக்கும் நடுவே, சிறுமலை தெரிகிற அந்த மண்ணில் வந்து உட்கார்ந்தார். நர்ஸ் வேலை, நூல் நூற்பது, பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது என்று கைக்கு வரும் வேலைகளைக் கற்றுக்கொடுத்த இடம் அது.

அந்த இடம் உயர்கல்வி நிலையமாக வளர்ந்ததற்குப் பின்னால் ஓர் அறிக்கை இருக்கிறது. 1948-49இல் டாக்டர் ராதாகிருஷ்ணன் தலைமையில் பல்கலைக்கழகக் கல்விக் குழு அமைந்தது. அதில் ஆர்தர் மார்கன் என்ற அமெரிக்கர் ஓர் உறுப்பினர். அணைகளும் வெள்ளத் தடுப்பும் கட்டிய பொறியாளர். ஒஹையோ மாநிலத்தின் ஆண்டியோக் கல்லூரிக்குத் தலைவராக இருந்தபோது, மாணவர்கள் கொஞ்ச காலம் வகுப்பு, கொஞ்ச காலம் வெளியே வேலை என்று மாறி மாறிப் படிக்கும் முறையை 1920களில் அங்கே நிலைநிறுத்தியவர். இந்தியாவுக்குக் கிராமப் பல்கலைக்கழகங்கள் வேண்டும் என்ற யோசனைக்கு அந்தக் குழுவில் அழுத்தம் கொடுத்தவர்களில் அவர் முக்கியமானவர்.

அதே குழு இன்னொன்றையும் சொன்னது: மாணவர்கள் விருப்பத்தின் பேரில் தேச சேவையில் ஈடுபட வேண்டும். உங்கள் அப்பா படித்த படிப்பும், உங்கள் மகன் போய்வந்த முகாமும் ஒரே வயிற்றில் பிறந்தவை. ஆனால் ஒன்றில் சேவையே படிப்பாக இருந்தது. மற்றொன்றில் சேவையைப் படிப்புக்குப் பக்கத்தில், தனி நாற்காலி போட்டு உட்கார வைத்துவிட்டார்கள். எனக்குத் தெரிந்தவரை கோளாறு இங்கேதான் இருக்கிறது.

முதல் பிள்ளையின் கதையை முதலில் சொல்கிறேன். கிராமிய உயர்கல்வி பற்றி ஆராய்ந்த ஸ்ரீமாலி குழுவின் பரிந்துரைப்படி 1956இல் நாடு முழுக்கக் கிராமிய உயர்கல்வி நிறுவனங்கள் தொடங்கப்பட்டன. முதலில் பத்து, பிறகு பதினான்கு. நம் பக்கத்தில் காந்திகிராமம் ஒன்று, கோவை பெரியநாயக்கன்பாளையம் ராமகிருஷ்ண வித்யாலயம் ஒன்று. மூன்று வருட கிராமியப் பணி டிப்ளமோ, அதுதான் உங்கள் அப்பாவின் டி.ஆர்.எஸ். அதோடு கிராமப் பொறியியல், வேளாண்மைச் சான்றிதழ், சுகாதார ஆய்வாளர் பயிற்சி. வேலைக்கு அந்த டிப்ளமோவைப் பட்டத்துக்குச் சமமாக அரசு ஏற்றுக்கொண்டது. ஆனால் மேலே எம்.ஏ. படிக்கப் போனால் பல பல்கலைக்கழகங்கள் தயங்கின. கிராமத்துப் பிள்ளைகள் மூன்று வருடம் வெயிலில் அலைந்து படித்துவிட்டு, பட்டணத்து பி.ஏ.வுக்கு முன்னால் கைகட்டி நிற்க வேண்டியிருந்தது. அந்தப் பதினான்கில் பெரும்பாலானவை பிறகு சாதாரணக் கல்லூரிகளாக மாறின, அல்லது ஒடுங்கிப் போயின.

அதனால் 1976இல் காந்திகிராமம் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆனதை நான் குற்றமாகப் பார்க்கவில்லை. உழவர் வீட்டுப் பெண் ஒருத்தி கையில் எங்கே கொண்டுபோனாலும் செல்லுபடியாகிற பட்டத்தைக் கொடுப்பது நியாயமான காரியம். அதைக் கொடுக்க முடியாமல் லட்சியத்தை மட்டும் வைத்துக்கொண்டிருந்தால், அந்த லட்சியத்தின் செலவை ஏழைப் பிள்ளைகளே சுமந்திருப்பார்கள். அங்கே சாந்தி சேனை என்ற மாணவர் அமைதிப் படை தொடர்ந்தது, மாணவர்கள் கிராமத்தில் போய்த் தங்கிப் படிப்பது பாடத்திட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. பல்கலைக்கழகம் ஆனால் துறைகள் வரும், ஆய்வுக் கட்டுரைகளின் எண்ணிக்கை வரும், ஆசிரியரின் பதவி உயர்வு அதைப் பார்த்து நடக்கும். அந்த இழுப்பு எல்லா இடத்திலும் உண்டு, அங்கேயும் உண்டு. ஆனாலும் உங்கள் மகனின் முகாமுக்கு அதைக் காரணம் சொல்ல முடியாது. அவன் அந்த வழியில் வந்தவனே இல்லை.

அவன் இரண்டாம் பிள்ளையின் வழியில் வந்தவன். அந்த வழியில் கட்டாயமா விருப்பமா என்ற சண்டை நீங்கள் கேட்பதற்கு அறுபது வருடம் முன்பே நடந்திருக்கிறது. சமூக சேவை செய்தால்தான் பட்டம் என்று வைக்கலாமா என 1958இல் நேரு முதலமைச்சர்களுக்கு எழுதினார். அடுத்த வருடம் சி.டி. தேஷ்முக் குழு, கல்லூரிக்குப் போகும் முன் ஏறக்குறைய ஒரு வருடம் கட்டாய சேவை என்று பரிந்துரைத்தது. பிறகு கல்வியாளர் கே.ஜி. சையிதைன் பல நாடுகளின் இளைஞர் சேவைகளை ஆராய்ந்து, கட்டாயம் வேண்டாம், விருப்பம் போதும் என்றார். சீனப் போருக்குப் பிறகு 1963இல் என்.சி.சி. (தேசிய மாணவர் படை) கட்டாயமானது, 1968இல் அந்தக் கட்டாயத்தை எடுத்துவிட்டார்கள். 1969 செப்டம்பர் 24 அன்று நாட்டு நலப்பணித் திட்டம் 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு தொடங்கியது. வருடத்துக்கு 120 மணி நேரம், இரண்டு வருடம், நடுவே ஏழு நாள் சிறப்பு முகாம்.

நான் ஆறு வருடம் ஒரு கல்லூரியில் இதற்குத் திட்ட அலுவலராக இருந்தவன். மணிக்கணக்கு எழுதியே என் கை தேய்ந்திருக்கிறது. ஒரு முகாம் மட்டும் இன்னும் என்னை உறுத்துகிறது. வேடசந்தூர்ப் பக்கம் ஒரு கிராமம். மூன்றாம் நாள், ஒரு வேதியியல் மாணவி என்னிடம் வந்து, "சார், இங்க சின்னப் பிள்ளைங்க எல்லாருக்கும் பல்லுல காவிக்கறை இருக்கு, பாத்தீங்களா?" என்றாள். மூன்று நாளாக அந்தப் பிள்ளைகளோடு பேசிக்கொண்டிருந்தும் நான் பார்க்கவில்லை. தண்ணீரில் ஃபுளோரைடு ஒரு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போனால் பல் கறைபடும், நாள்பட எலும்பையும் பிடிக்கும். அவள் அதைப் பாடத்தில் படித்திருந்தாள். முள் வெட்டுகிற வேலையை விட்டுவிட்டு நான்கு பேர் சேர்ந்து பத்து ஆழ்துளைக் கிணறுகளின் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து, எந்தத் தெரு, எத்தனை அடி ஆழம் என்று ஒட்டுச்சீட்டில் எழுதினார்கள்.

கல்லூரிக்கு வந்து ஆய்வகத்தில் கேட்டோம். செய்முறைத் தேர்வு வருகிறது, ரசாயனம் பாடத்துக்கு மட்டும்தான், இது என்.எஸ்.எஸ். வேலை என்று சொல்லிவிட்டார்கள். அந்த மாணவி செய்முறைத் தேர்வில் வேறு ஏதோ உப்பைக் கண்டுபிடித்து நல்ல மதிப்பெண் வாங்கினாள். பத்து பாட்டில்களும் என் அறை ஜன்னலோரம் கோடை விடுமுறை வரை நின்றன. நான் வேறு இடத்துக்குக் கொண்டுபோய்ச் சோதித்திருக்கலாம். முகாம் அறிக்கை எழுதுகிற அவசரத்தில் விட்டுவிட்டேன். அந்தக் கிராமத்துக்கு நாங்கள் பிறகு போகவில்லை. மறு வருடம் வேறு ஊர்.

அதனால்தான் கட்டாயம் என்ற யோசனைக்கு என்னால் தலையாட்ட முடியவில்லை. கட்டாயமாக்கினால் இன்னும் பல லட்சம் பிள்ளைகள் இதே முள்ளை வெட்டுவார்கள், இதே பேனரைப் பிடிப்பார்கள். மாற வேண்டியது வகுப்பறை. அந்தப் பத்து பாட்டில்களைச் சோதிப்பதுதான் அந்த வருடத்துச் செய்முறைப் பாடம் என்று ஓர் ஆசிரியர் சொல்லியிருந்தால், அந்தப் பெண்ணுக்கும் அந்த ஊருக்கும் சேர்த்துப் பயன் கிடைத்திருக்கும். கணக்குப் படிக்கிறவர்கள் ஊர்க் கூட்டுறவுச் சங்கத்தின் வட்டியைப் போட்டுப் பார்க்கட்டும். தமிழ் படிக்கிறவர்கள் கிழவிகளிடம் பழைய நெல் பெயர்களைக் கேட்டு எழுதட்டும். ஒரே ஊருக்கு மூன்று வருடம் போகட்டும். இதற்குப் புதிய சட்டம் எதுவும் வேண்டாம்; துறைத்தலைவர் மனசு வைத்தால் நடக்கும். ஊரைத் தத்தெடுக்கிறோம் என்கிறார்களே, அந்தச் சொல்லே எனக்குப் பிடிப்பதில்லை. ஊர் ஒன்றும் அநாதைப் பிள்ளை கிடையாது.

உங்கள் மகனிடம் கோபப்படாதீர்கள். "அவ்வளவுதான்" என்று சொல்லத் தெரிந்திருக்கிறதே, அது நல்ல அடையாளம். வேறு எதையோ எதிர்பார்த்துத்தான் போயிருக்கிறான். அந்த நோட்டை அவன் கையில் கொடுங்கள். அந்த 38 வீடுகளில் இன்று யார் இருக்கிறார்கள், அந்தக் கிணறுகள் இருக்கின்றனவா தூர்ந்துவிட்டனவா, குழாயில் வரும் தண்ணீர் எப்படி இருக்கிறது என்று அவன் போய்ப் பார்க்கலாம். வேதியியல் மாணவன் ஆயிற்றே, தாத்தா கேட்க முடியாத கேள்விகளையும் அவன் கேட்பான்.

நோட்டை அதற்கு முன் பக்கம் பக்கமாகப் படமெடுத்து வைத்துவிடுங்கள், பென்சில் எழுத்து சீக்கிரம் மங்கும். அதில் ஊர்ப் பெயர் எங்காவது இருக்கிறதா பாருங்கள். ஆத்தூர் ஒன்றியத்துக்குள்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். கண்டுபிடித்தால் எனக்கு எழுதுங்கள். அவன் போகும் நாளில் நானும் அம்பாத்துறையில் வந்து சேர்ந்துகொள்கிறேன்.

அன்புடன்.