வாக்மேன் ஏன் தோற்றது?

கேள்வி: ஆப்பிளின் ஐபாடிடம் இழந்த இடத்தைச் சோனியின் கையடக்கப் பாட்டுக் கருவியான வாக்மேனால் ஏன் மீட்க முடியவில்லை?

பதில்: முயலாமல் இல்லை. 1979 ஜூலையில் 33,000 யென் விலையில் ஜப்பானில் அறிமுகமான முதல் வாக்மேனில், இருவர் சேர்ந்து கேட்பதற்கென இரண்டு ஹெட்போன் துளைகளும், பாட்டின் ஒலியைத் தாழ்த்திவிட்டுப் பேசிக்கொள்ள ஓர் ஆரஞ்சு நிறப் பொத்தானும் இருந்தன. பயன்படுத்துபவரை அவ்வளவு கூர்ந்து கவனித்த நிறுவனம், 2001இல் ஐபாட் வந்த பிறகு அவரை மறந்துவிட்டது என்பதே என் எண்ணம். ஐபாடுக்குப் போட்டியாக 2004இல் சோனி வெளியிட்ட வன்தட்டு (ஹார்ட் டிஸ்க்) வாக்மேன், ஊரெல்லாம் எம்பி3 வடிவில் பாட்டுச் சேர்த்து வைத்திருந்த காலத்தில், அவ்வடிவை நேரடியாக இசைக்க மறுத்தது. ஒவ்வொரு பாட்டையும் சோனிக்கே உரிய ஏட்ராக் வடிவத்துக்குக் கணினியில் மாற்றிய பின்னரே கருவியில் ஏற்ற முடியும். அதற்கான சோனிக்ஸ்டேஜ் மென்பொருளோ பொறுமையைச் சோதிப்பது. இசைத்தட்டு நிறுவனமும் சோனியின் கையில் இருந்ததால், பாட்டுகள் களவு போகும் என்ற அச்சம் கருவியின் வடிவமைப்பையும் கட்டிப்போட்டது. அதே ஆண்டின் இறுதியில் எம்பி3க்கு வழிவிட்டார்கள். அதற்குள் சந்தை கைமாறியிருந்தது.

பின்னர் வாக்மேன் செல்பேசிகள் வந்தன, ஓரளவு விற்றன. 2016இலோ தங்க முலாம் பூசிய செம்பு உடலுடன், 455 கிராம் எடையில் ஒரு வாக்மேன் வந்தது. சட்டைப்பையில் போட்டால் பை கிழியும். அது ஒலிநுட்பப் பிரியர்களுக்கானது. ஐபாடின் உற்பத்தி 2022இல் முடிந்துவிட்டது. வாக்மேனோ இந்தச் சிறு வட்டத்துக்காக அதன் பிறகும் புதிய கருவிகளை வெளியிட்டது.