புற்றை இடிப்பதா, பால் ஊற்றுவதா?

கேள்வி: பெங்களூரு ஹொரமாவு பகுதியில் தரைத்தள வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். பக்கத்துக் காலி சைட்டில் வேப்பமரத்தடியில் ஒரு புற்று உள்ளது. செவ்வாய், வெள்ளிகளில் அக்கம்பக்கத்தார் அங்கே பாலும் முட்டையும் வைக்கிறார்கள். இந்த மழைக்காலத்தில் ஒரு நல்ல பாம்புக் குட்டி எங்கள் குளியலறைக்குள் வந்து படமெடுத்தது. பத்து நாள் கழித்து, கறுத்த உடலில் வெள்ளை வளையங்கள் கொண்ட பாம்பு ஒன்று வரவேற்பறைச் சுவரில் ஏறியது. புற்றை இடித்துவிடலாம் என்கிறார் கணவர். நாகதோஷம் வரும் என்று மாமியார் தடுக்கிறார். வாசலில் ஆகாச கருடன் கிழங்கு கட்டியிருக்கிறோம். நான்கு வயது மகள் இருக்கிறாள். என்ன செய்வது?

பதில்: புற்றை இடிக்க வேண்டாம். உங்கள் மாமியாரின் முடிவே சரி, அதற்கு நான் சொல்லும் காரணம் வேறாக இருந்தாலும். கரையான் புற்றெடுக்கப் பாம்பு குடிபுகுந்தது என்று நம் பழமொழி சொல்வது உண்மையே. வெளியே வெயிலும் மழையும் மாறி மாறி வந்தாலும் புற்றின் உள்ளே வெப்பமும் ஈரமும் பெரிதாக மாறுவதில்லை என்பதால் நாகம் அங்கே தங்குகிறது, சில சமயம் முட்டையும் இடுகிறது. அதைக் கடப்பாரையால் இடித்தால் உள்ளே இருக்கும் பாம்பு அருகிலுள்ள அடுத்த இருட்டிடத்தைத் தேடிப் போகும். அது உங்கள் படிக்கட்டின் அடியாகவோ சம்ப் மூடியின் ஓரமாகவோ இருக்கலாம். மேலும், பாம்பைக் கொல்வதும் பிடித்து வைப்பதும் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

குளியலறையில் நீங்கள் பார்த்த குட்டியைத் தேடித் தாய் வரும் என்று அஞ்ச வேண்டாம். முட்டை பொரியும்வரை தாய்ப்பாம்பு அருகில் இருப்பதுண்டு. பொரித்த பின் குட்டிகள் தனித்தனியே சிதறிப் போகும், தாய்க்கும் அவற்றுக்கும் உறவு இல்லை. ஆனால் ஓர் ஈட்டில் பன்னிரண்டு முதல் முப்பது முட்டைகள் வரை இருக்கும் என்பதால், இன்னும் சில வாரங்களுக்கு வேறு குட்டிகளும் உங்கள் சுற்றுப்புறத்தில் தென்படலாம். முட்டையிலிருந்து வெளிவந்த நாளிலிருந்தே நல்ல பாம்புக் குட்டிக்கு நஞ்சு உண்டு என்பதை மகளைப் பார்த்துக்கொள்பவர் அனைவரும் அறிந்திருக்க வேண்டும். காலணிகளை உதறிப் பார்த்த பிறகே போடுங்கள். துவைக்கும் இயந்திரத்தின் அடியில் கையை விடாதீர்கள்.

பாம்பு உங்கள் வீட்டைத் தேடி வருவதில்லை, இரையைத் தேடி வருகிறது. படைமாட்சியைப் பற்றிப் பேச வந்த வள்ளுவர், எலிகள் கடல்போலத் திரண்டு ஒலித்தாலும் நாகம் மூச்சுவிட்ட அளவிலேயே அவை அழியும் என்று 763ஆம் குறளில் எழுதினார். எலிக்கும் நாகத்துக்கும் உள்ள உறவு அன்றே நம்மவர்களுக்கு அவ்வளவு பழக்கமாக இருந்தது. எனவே புற்றடியில் வைக்கும் பாலையும் முட்டையையும் பற்றி நான் வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும். பால் பாம்பின் உணவு அன்று. தாகத்தால் வாடிய பாம்பு எந்த நீர்மத்தையும் குடிக்கும் என்பதைத் தவிர அதற்குப் பாலில் நாட்டமில்லை. இரவில் அவற்றைத் தின்ன வருவது பெரும்பாலும் எலியும் பெருச்சாளியும்தான். அவற்றைத் தொடர்ந்து பாம்பும் வரும். மஞ்சள், குங்குமம், பூவோடு புற்றை வணங்குவதில் எந்தத் தீங்கும் இல்லை. பால் ஊற்றியே ஆக வேண்டும் என்பவர்கள், இந்த ஊரில் அரசமரத்தடி மேடைகளில் இருக்கும் நாகர்கற்களுக்கு ஊற்றிக் கழுவிவிடலாம், நாகர பஞ்சமியன்று கன்னடக் குடும்பங்கள் பலவும் செய்வதைப் போல. இதை மாமியாரிடம் கணவர் சொல்வதைவிட, நீங்களும் மாமியாருமாகச் சேர்ந்து அக்கம்பக்கத்தாரிடம் சொன்னால் எடுபடும் என்று எனக்குத் தோன்றுகிறது.

அடுத்தது, வீட்டின் துளைகள். விரல் நுழையும் இடைவெளி குட்டிப் பாம்புக்குப் போதும். வாசற்கதவு, குளியலறைக் கதவு இரண்டின் அடியிலும் தரையைத் தொடும்படி ரப்பர் பட்டை பொருத்துங்கள். தரைக் கழிவுநீர்த் துளைக்கு நெருக்கமான கண்களுள்ள எஃகு வலை போடுங்கள். சுவரில் குழாய் நுழையும் இடங்களைச் சிமென்ட்டால் அடைத்துவிடுங்கள். காலி சைட்டின் புதரையும் கட்டட இடிபாட்டையும் அகற்றச் சொல்லி வீட்டு உரிமையாளர் மூலம் சைட்டுக்காரரிடம் பேசுங்கள். புற்றைச் சுற்றி மட்டும் கைவைக்க வேண்டாம். ஆகாச கருடன் கிழங்கு வாசலில் தொங்குவதால் கெடுதல் இல்லை, ஆனால் பாம்பு அதற்காகத் திரும்பிப் போகாது. பூண்டு, வசம்பு, பினாயில் எல்லாமும் அப்படியே. கார்பாலிக் அமிலத்தை மட்டும் வாங்கவே வாங்காதீர்கள், அது பாம்பைத் தடுப்பதற்கு முன் குழந்தையின் தோலைப் புண்ணாக்கிவிடும்.

சுவரில் ஏறிய பாம்பு, பெரும்பாலும் வெள்ளிக்கோல் வரையன் என்று சொல்லப்படும் ஓநாய்ப்பாம்பாக இருக்கும். அது பல்லியைத் தேடி வரும், நஞ்சில்லாதது, சுவர் ஏறுவதில் வல்லது. அதன் வளையங்கள் கழுத்தருகே பளிச்சென்று தொடங்கி வாலை நெருங்க மங்கும். கொடிய நஞ்சுள்ள கட்டுவிரியனுக்கோ முன்பகுதியில் மங்கலாகவும் வால்பக்கம் தெளிவாகவும் மெல்லிய வளையங்கள் இருக்கும், அது சுவர் ஏறுவதும் அரிது. ஆனாலும் இந்த அடையாளத்தை நம்பி யாரும் அருகில் போக வேண்டாம். "நஞ்சுடைமை தானறிந்து நாகம் கரந்துறையும், அஞ்சாப் புறங்கிடக்கும் நீர்ப்பாம்பு" என்ற ஔவையின் மூதுரை, ராஜகால்வாய் எனப்படும் பெரிய மழைநீர் வடிகாலின் ஓரத்தில் பகலில் கிடக்கும் தண்ணீர்ப்பாம்புக்கு அப்படியே பொருந்துகிறது. கட்டுவிரியனோ இரவில் வரும், கடித்தாலும் பல சமயம் வலி தெரியாது. மாமியார் தரையில் பாய் விரித்துப் படுப்பவரென்றால் அவரைக் கட்டிலுக்கு மாற்றி, கொசுவலையின் ஓரங்களை மெத்தைக்கு அடியில் செருகிவிடுங்கள்.

மறுபடியும் பாம்பு வந்தால் மகளை வெளியே அனுப்பி, அந்த அறைக் கதவை மூடி, கீழிடுக்கில் ஈரத்துணியைத் திணித்துவிட்டு, வனத்துறையின் 1926 என்ற எண்ணை அழையுங்கள். ஜன்னல் வழியாகப் பாம்பைப் பார்க்க முடிந்தால் ஒருவர் தொலைவிலிருந்து கண்காணிக்கட்டும். பிடிக்க வருபவருக்கு அது பெரிய உதவி.

கடி நேர்ந்துவிட்டால் கயிறு கட்டுவதும் கீறுவதும் உறிஞ்சுவதும் கூடாது. மெட்டி, மோதிரம், வளையலைக் கழற்றி, கடிபட்ட கையையோ காலையோ அசையாமல் வைத்து, நேரத்தைக் குறித்துக்கொண்டு, 108 ஆம்புலன்ஸிலோ காரிலோ, நஞ்சுமுறிவு மருந்தும் செயற்கைச் சுவாசக் கருவியும் உள்ள மருத்துவமனைக்குப் போங்கள். அப்படிப்பட்ட மருத்துவமனை எது என்று இன்றே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கும் ஒரே மருந்துதான் என்பதால், பாம்பை அடித்து எடுத்துச் செல்லத் தேவையில்லை. குழந்தையைக் கடித்தாலும் பெரியவர்களைக் கடித்தாலும் பாம்பு செலுத்தும் நஞ்சு ஒன்றே என்பதால் குழந்தைக்கும் அதே அளவு மருந்துதான் தருவார்கள். மருத்துவர் பத்துக் குப்பி கேட்டால் சிறுமிக்கு இத்தனையா என்று தயங்காதீர்கள்.