மூன்று விசைகளிலிருந்து நான்காவது விசை பிறக்குமா?

கேள்வி: ஹட்டனில் போட்டோகொப்பிக் கடை நடத்துகிறேன். மூன்று கணினிகளுக்கு விண்டோஸ் விசை (விண்டோஸைச் செயற்படுத்த அடிக்கும் 25 எழுத்துக் குறியீடு) வாங்கியிருக்கிறேன். அவற்றை ஒப்பிட்டுச் சூத்திரத்தைப் பிடித்து, நான்காவது கணினிக்கு விசை ஆக்கித் தருவதாகத் தெரிந்த தம்பி ஒருவர் பணம் கேட்கிறார். மூன்றிலும் பூச்சியமோ ஆங்கில ‘ஓ’வோ இல்லை என்பதையும் காட்டினார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். அவை இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல் இருப்பதால் விண்டோஸைத் தயாரிக்கும் மைக்ரோசொப்ட் நிறுவனம் ஒதுக்கிவிட்டது. அதில் சூத்திரம் எதுவும் இல்லை.

தம்பியின் வித்தை விண்டோஸ் 95இல் பலித்திருக்கும். அதன் கடைப் பதிப்பு விசையில் கடைசி ஏழு இலக்கங்களின் கூட்டுத்தொகை ஏழால் வகுபட்டால் ஏறக்குறைய வேலை முடிந்தது. வெறும் ஒன்றுகளை அடித்தே உள்ளே போனார்கள். பிறகு வந்த பதிப்புகளில் 25 எழுத்துக்குள் இலக்கமுறைக் கையொப்பம் புகுந்தது. கையொப்பமிடும் இரகசிய எண் நிறுவனத்திடம் இருக்கிறது. உங்கள் கணினிக்குச் சரிபார்க்க மட்டுமே தெரியும். அடையாள அட்டை இலக்கத்தில் பிறந்த ஆண்டை வாசிப்பதுபோல் இதில் எதையும் வாசிக்க முடியாது. முந்நூறு விசைகளை அடுக்கினாலும் அதே கதைதான். போதாததற்கு, அந்த விசையைத் தாங்கள் கொடுத்தோமா என்று நிறுவனத்தின் சேவையகமும் பார்க்கிறது.

ஆகவே அவர் தரப்போவது வேறொன்று. கணினியின் அமைப்புகளில் ஆக்டிவேஷன் (செயற்படுத்தல்) பக்கத்தைத் திறந்து பாருங்கள். ‘உங்கள் நிறுவனத்தின் ஆக்டிவேஷன் சேவை மூலம்’ என்று ஆங்கிலத்தில் இருந்தால், குறைந்தது 25 கணினிகள் உள்ள அலுவலகங்களுக்கான ஏற்பாட்டைப் போலி நிரலால் ஏமாற்றியிருக்கிறார்கள். அது 180 நாட்களுக்குத்தான் செல்லும்; புதுப்பிக்க அந்த நிரல் உள்ளேயே குடியிருக்க வேண்டும். “வைரஸ் காப்பை நிறுத்துங்கள்” என்று எவராவது சொன்னால் எழுந்து போகச் சொல்லுங்கள். தோட்டத்துச் சனங்களின் சேமலாப நிதிப் படிவங்களும் அடையாள அட்டைப் பிரதிகளும் அதே கணினியில்தானே கிடக்கின்றன?

ஒரு விதிவிலக்கு. நான்காவது கணினி விண்டோஸ் 8 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்போடு வந்த மடிக்கணினியா? அப்படியானால் விசை பெரும்பாலும் தாய்ப்பலகையிலேயே பதிந்திருக்கும். விண்டோஸின் ஹோம் பதிப்போடு வந்த கணினியில் அதே ஹோம் பதிப்பைப் போட்டால் விசை கேட்காது. புரோ பதிப்பைப் போட்டால் கேட்கும். தாய்ப்பலகையை மாற்றியிருந்தால் அந்த விசையும் போய்விட்டது. இலவசமாகக் கிடைக்கும் இதற்கே பணம் பிடுங்குகிறவர்கள் நகரத்துக்கு நகரம் இருக்கிறார்கள்.

ஏமாந்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977க்கு அழைக்கலாம். பற்றுச்சீட்டு கேட்பார்கள். போலி விசை விற்கிறவன் எந்தக் காலத்தில் பற்றுச்சீட்டு எழுதினான்? 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினி நிரல்களையும் காக்கிறது; ஆனால் கள்ளப் பிரதியோடு அகப்படும் கணினி உங்களுடையதாகத்தான் இருக்கும். வாங்குவதானால் பற்றுச்சீட்டில் பதிப்பின் பெயரை எழுதித் தரும் கடையில் வாங்குங்கள்.