வேலையை இப்போது விடாதீர்கள்

கேள்வி: எனக்கு வயது 32. கணவர் விட்டுப் போய் இரண்டு ஆண்டாகிறது, விவாகரத்து ஆகவில்லை. மகள் அரசுப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு, மகனுக்கு மூன்று வயது. அச்சகத்தில் மாதம் 9,000 ரூபாய் சம்பளம். எங்கள் மகளிர் குழுவுக்கு வங்கிக் கடன் வந்திருக்கிறது. ஒரு லட்சம் எடுத்து, வேலையை விட்டுவிட்டு இட்லி மாவு வியாபாரம் தொடங்கச் சொல்கிறார்கள். வீட்டில் சின்ன கிரைண்டரும் ஃபிரிட்ஜும் உண்டு. ரேஷன் அட்டையில் என் பெயர் இன்னும் மாமியார் வீட்டில்தான் இருக்கிறது. துணிந்து இறங்கலாமா? – தேனி மாவட்ட வாசகி

பதில்: இறங்கலாம், சகோதரி. ஆனால் ஒரு லட்சம் வேண்டாம், வேலையையும் இப்போது விட வேண்டாம். நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டியில் பன்னிரண்டு தவணை என்றால் ஒரு லட்சத்துக்கு முதல் மாதம் கட்ட வேண்டியது 9,333 ரூபாய். உங்கள் முழுச் சம்பளத்தைவிட அதிகம். அதே கணக்கில் 25,000 ரூபாய்க்கு 2,333 ரூபாய்தான் வரும். அதை மாவே கட்டிவிடும்.

எப்படி என்று பாருங்கள். ஒரு கிலோ இட்லி அரிசிக்குக் கால் கிலோ முழு உளுந்து, ஒரு தேக்கரண்டி வெந்தயம் போட்டால் ஏறக்குறைய மூன்று கிலோ மாவு கிடைக்கும். நாலு கிலோ அரிசி போட்டால் பன்னிரண்டு கிலோ. அரிசி, உளுந்து, பை, மின்சாரம் எல்லாம் சேர்த்துக் கிலோவுக்கு 30 ரூபாய் அடக்கம், விற்பது 45 என்று வைத்துக்கொண்டால் நாளுக்கு 180 ரூபாய் நிற்கும். 26 நாளுக்கு 4,680. தவணை போகப் பாதி மிஞ்சும். உங்கள் ஊர் விலையைப் போட்டு இந்தக் கணக்கை ஒருமுறை எழுதிப் பாருங்கள். கடைக்காரருக்கு 38 ரூபாய்க்குக் கொடுத்தால் லாபம் கிலோவுக்கு 8 ரூபாயாகச் சுருங்கிவிடும். அதனால் முதலில் வீடுகளைப் பிடியுங்கள்.

முதல் மாதம் கடனே வாங்காமல், இருக்கிற கிரைண்டரில் தினம் மூன்று கிலோ மட்டும் போடுங்கள். குழுவில் இருப்பவர்களே முதல் வாடிக்கையாளர்கள். யாருக்கு எந்தக் கிழமை எத்தனை கிலோ என்று முன்கூட்டியே எழுதி வாங்குங்கள். மாவு மீந்தால்தான் இந்தத் தொழிலில் நஷ்டம். புளித்துப்போனதை மறுநாள் யாரும் வாங்கமாட்டார்கள். நிரந்தர ஆர்டர் பத்து கிலோவைத் தொட்ட பிறகு ஐந்து லிட்டர் சாய்க்கும் கிரைண்டரும் பை ஒட்டும் மெஷினும் வாங்கலாம்.

கிரைண்டர் வாங்கும் முன் ஆட்சியர் அலுவலகத்திலுள்ள மாவட்டச் சமூக நல அலுவலகத்துக்குப் போங்கள். கைம்பெண்கள், கணவரால் கைவிடப்பட்டவர்கள் மாவு அரைக்கும் இயந்திரம் வாங்க, விலையில் பாதி அல்லது 5,000 ரூபாய் வரை மானியம் தரும் திட்டம் உண்டு. ஆண்டு வருமானம் 1,20,000-க்குள் இருக்க வேண்டும்; உங்களுடையது 1,08,000. இந்த ஆண்டு ஒதுக்கீடு உண்டா என்று கேட்டுக்கொண்ட பிறகு பில் போடுங்கள். விடிகாலையில் கிரைண்டர் ஓடும் என்பதால் வீட்டு உரிமையாளரிடமும் முன்பே பேசிவிடுங்கள்.

வேலைக்குப் போகிறவர்கள் அரிசியைக் காலையில் ஊறவைத்து ராத்திரி அரைப்பார்கள். பகல் வெயிலில் பத்து மணி நேரம் ஊறினால் வாடை வந்துவிடும். ராத்திரி பத்து மணிக்கு ஊறப்போடுங்கள். உளுந்தையும் வெந்தயத்தையும் ஃபிரிட்ஜுக்குள் ஊறவையுங்கள். நாலரைக்கு உளுந்தைத்தான் முதலில் போட வேண்டும். அந்தக் குளிர்ந்த தண்ணீரையே தெளித்துத் தெளித்து அரைமணி நேரம் ஆட்டினால் மாவு சூடேறாது, நன்றாகப் பொங்கும். ஒரு துளி எடுத்துத் தண்ணீரில் போட்டால் மிதக்க வேண்டும். பிறகு அரிசி. கையால் கலந்து உடனே பையில் அடையுங்கள், மூன்றில் ஒரு பங்கு காலியாக விட்டு. முழுக்க நிரப்பினால் பொங்கும்போது பை வெடிக்கும், அந்த வாடிக்கையாளர் திரும்ப வரமாட்டார். ஏழு மணிக்குக் கைக்குப் போகும் மாவு ராத்திரி தோசைக்குத் தயாராகிவிடும். உணவுப் பாதுகாப்புத் துறைப் பதிவுக்கு ஆண்டுக்கு 100 ரூபாய்தான். அந்தப் பதினான்கு இலக்க எண்ணையும் தயாரித்த தேதியையும் எடையையும் பையில் ஒட்டுங்கள்.

மகளுக்குப் பள்ளியிலேயே காலை உணவு கிடைத்துவிடும். மகனை அங்கன்வாடியில் சேருங்கள். அங்கன்வாடி விட்டதிலிருந்து நீங்கள் வீடு திரும்பும் வரையிலான நேரம்தான் சிக்கல். "கொஞ்சம் பார்த்துக்கோங்க" என்று தெருவில் எல்லாரிடமும் சொல்லி வைக்காதீர்கள். ஒரே வீட்டில் பேசுங்கள், நேரத்தைச் சொல்லிக் கேளுங்கள், வாரம் இரண்டு கிலோ மாவு கொடுத்துவிடுங்கள். இலவசமாகக் கேட்ட உதவிக்கு ஒரு மாதத்தில் முகம் மாறுவது இயல்பு. குழுவில் இன்னொருவருக்கு உங்கள் அளவுகளைக் கற்றுக்கொடுத்தால், குழந்தைக்குக் காய்ச்சல் வரும் நாளில் ஆர்டர் நிற்காது. அன்றைய லாபம் அவருக்கு.

குழுவில் ஒரு விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள்: வேறொருவருக்காக உங்கள் பெயரில் கடன் எடுக்காதீர்கள். அவர் கட்டாவிட்டால் நீங்கள்தான் கட்ட வேண்டும், அடுத்த கடனும் எல்லோருக்கும் தள்ளிப்போகும்.

ரேஷன் அட்டையை ஒத்திப்போடாதீர்கள். மகளிர் உரிமைத்தொகை உட்படப் பலவற்றுக்கும் அதுதான் அடிப்படை. முதலில் ஆதாரில் முகவரியை மாற்றுங்கள். பிறகு வட்ட வழங்கல் அலுவலகத்தில், குழந்தைகளோடு தனியாக வசிப்பதை எழுதிக்கொடுத்து, மாமியார் ஒத்துழைக்காவிட்டால் கள ஆய்வு செய்து பெயரை நீக்கித் தரும்படி கேளுங்கள். விவாகரத்துத் தீர்ப்பு வேண்டும் என்று திருப்பி அனுப்பினால் அதை எழுத்தில் தரச் சொல்லுங்கள்.

கைவிடப்பட்டோர் ஓய்வூதியத்துக்கு ஐந்து ஆண்டு பிரிந்திருக்க வேண்டும் என்பதால் இப்போது உங்களுக்குக் கிடைக்காது. ஜீவனாம்சம் கேட்க அந்தக் காத்திருப்பு இல்லை, விவாகரத்தும் தேவையில்லை. புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 144-வது பிரிவில் (பழைய 125) உங்களுக்கும் குழந்தைகளுக்கும் சேர்த்துக் கேட்கலாம். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் வழக்கறிஞரை இலவசமாகத் தருகிறது சட்டப் பணிகள் ஆணைக்குழு. நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கும், 15100-லும் கேட்கலாம். இடைக்கால ஜீவனாம்ச மனுவும் சேர்த்துப் போடச் சொல்லுங்கள். நோட்டீஸ் சேர்ந்ததிலிருந்து 60 நாளுக்குள் முடிந்தவரை முடிவு செய்ய வேண்டும் என்பது சட்டம். நோட்டீஸ் சேராமல்தான் பல வழக்குகள் இழுத்துக்கொண்டு போகின்றன. கணவர் இப்போது வேலை பார்க்கும் இடத்தின் சரியான முகவரியை விசாரித்து எடுத்துக்கொண்டு போங்கள்.